முதல் முதுகெலும்பு ஆபரேஷனுக்குத் தயாராவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இடுப்புப் பகுதியில் ஸ்க்ரூவும் ராடும் வைத்து எலும்புகளைச் சேர்க்கும் ஃப்யூஷன் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப்போகிறவர்களையும் அவர்கள் வீட்டாரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். டிஸ்க் மட்டும் எடுக்கும் ஆபரேஷனுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அம்மாவுக்கு எல்4-எல்5 (இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது எலும்புகள்) ஃப்யூஷன் நடந்தபோது ஆரம்பம் முதல் கூடவே இருந்தேன். அதன்பிறகு உறவிலோ தெருவிலோ யாருக்கு இந்த ஆபரேஷன் என்றாலும் ஃபைலோடு கூடப் போகிற ஆள் நான்தான்.

பார்த்தவரை எல்லோரும் பணத்தை முதலில் புரட்டுகிறார்கள். உடம்பையும் வீட்டையும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஏறியிருக்கும் சர்க்கரை இறங்க மாதக்கணக்கில் ஆகும். பாத்ரூமில் கைப்பிடி பதிக்க ஆள் வரவேண்டும், சிமெண்ட் காயவேண்டும். இதெல்லாம் கடைசி வாரத்தில் நடக்காது. அதனால்தான் வரிசை முக்கியம். மருந்து சம்பந்தமான எல்லாவற்றிலும் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. இங்கே இருப்பது அவரிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்பதற்கான வழி.

தொடங்குமுன் ஒன்று. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கழிந்தாலோ, ஆசனவாயைச் சுற்றியும் தொடையிடுக்கிலும் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கத் தொடங்கினாலோ இந்த வரிசையெல்லாம் உங்களுக்கு இல்லை. அன்றே, அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நரம்பு நசுங்கும் நிலை அது. தாமதித்தால் இழந்தது முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

1. எந்த வலிக்காக இந்த ஆபரேஷன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

"முதுகுக்கு ஆபரேஷன்" என்ற அளவில் தெரிந்துகொண்டு பலர் படுத்துவிடுகிறார்கள். எந்த எலும்பு, எந்தப் பக்க நரம்பு, அழுத்தத்தை மட்டும் எடுக்கிறார்களா, ஸ்க்ரூ வைத்துச் சேர்க்கிறார்களா, சேர்ப்பதென்றால் ஏன் சேர்க்கவேண்டும் என்று நான்கு கேள்விகளுக்கும் பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எலும்பு நகர்கிறதா என்பதை நின்றுகொண்டு, குனிந்து, நிமிர்ந்து எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் பார்க்க முடியும். எம்ஆர்ஐ படுத்த நிலையில் எடுப்பது. ஆகவே இரண்டும் கையில் இருக்கவேண்டும்.

அடுத்த கேள்விதான் முக்கியம்: எந்த வலி போகும், எது போகாது? காலுக்கு இறங்கும் நரம்பு வலி பொதுவாக நன்றாகக் குறையும். இடுப்பு வலி அந்த அளவு குறையும் என்று சொல்ல முடியாது. மரத்துப்போன உணர்வு திரும்புவது எல்லாவற்றிலும் தாமதம், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. இதை முன்பே கேட்காதவர்கள், நன்றாக முடிந்த ஆபரேஷனையும் தோல்வி என்று நினைத்து இரண்டாவது வாரத்தில் உடைந்துபோகிறார்கள்.

அவசரம் இல்லாத பட்சத்தில் இன்னொரு ஸ்பைன் சர்ஜனிடமும் கேளுங்கள். முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேண்டாம், இது வழக்கமானதுதான். எலும்பு மருத்துவம் படித்தவரும் இதைச் செய்வார், நரம்பு அறுவை சிகிச்சை படித்தவரும் செய்வார். தொடர்ந்து முதுகெலும்பு ஆபரேஷன் செய்பவரா என்பதே பார்க்கவேண்டியது. எம்ஆர்ஐ ஃபிலிமை மடிக்காமல் கொண்டுபோங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, சர்ஜன் படத்தைத்தான் பார்ப்பார்.

2. சாப்பிடும் எல்லா மருந்தையும் பட்டியலிடுங்கள்

ஆபரேஷன் தள்ளிப்போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். வாயால் சொல்லும் பட்டியலில் எப்போதும் ஏதோ ஒன்று விடுபடும். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள், மருந்து பாட்டில்கள், சூரண டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப்போய் மயக்க மருந்து டாக்டரின் மேஜையில் வையுங்கள்.

ரத்தத்தை இளக்கும் மருந்துகளை முதலில் காட்டுங்கள்: ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை. தண்டுவடத்துக்கு அருகில் ரத்தம் கட்டினால் நரம்பு நசுங்கும் என்பதால் இவற்றில் பலவற்றைச் சில நாள் முன்பே நிறுத்துவார்கள். ஆனால் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். இதய டாக்டரும் சர்ஜனும் பேசி, எந்தத் தேதியில் நிறுத்தி எந்தத் தேதியில் தொடங்குவது என்று எழுதித் தரவேண்டும். வாய்மொழியாகச் சொன்னால், "கொஞ்சம் எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டு வாங்குங்கள்.

சர்க்கரை மாத்திரைகளில் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் இரண்டையும் பொதுவாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சாப்பிடாமல் இருக்கும்போது, சர்க்கரை அளவு சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து இவற்றில் உண்டு. இந்தப் பெயர்கள் கூட்டு மாத்திரைக்குள் ஒளிந்திருக்கும். அட்டையின் முன்பக்கத்து பிராண்ட் பெயரை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் சிறிய எழுத்தைப் படியுங்கள். பிரஷர் மாத்திரையில் சிலவற்றை ஆபரேஷன் அன்று நிறுத்துவார்கள், சிலவற்றை ஒரு மடக்குத் தண்ணீரோடு போடச் சொல்வார்கள். எது எப்படி என்று ஒவ்வொரு மாத்திரைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

எல்லோரும் மறைப்பது ஒன்று இருக்கிறது. முதுகு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல், நாலைந்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்களே, அந்தப் பொட்டலம். போட்டவுடன் வலி பறந்துபோகும் மாத்திரையில் பெரும்பாலும் பிரெட்னிசோலோனோ டெக்ஸாமெத்தசோனோ இருக்க வாய்ப்புண்டு. இவை ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு தானே சுரக்கவேண்டியதைக் குறைத்துக்கொள்ளும். மயக்கத்தில் இருக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம், காயம் ஆறுவதும் தாமதமாகும். முன்பே தெரிந்தால் டாக்டரால் சமாளிக்க முடியும். திட்டுவாரோ என்று பயந்து மறைக்காதீர்கள். பெயர் தெரியாத சூரணம், லேகியம், பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை எல்லாம் இதே பட்டியலில் சேரவேண்டும்.

3. உடம்பை ஆபரேஷனுக்கு ஏற்றதாக்குங்கள்

சர்க்கரை இருப்பவர்கள் எச்பிஏ1சி பரிசோதனையைத் தேதி வாங்கும் முன்பே செய்துவிடுங்கள். அது கடந்த சுமார் 3 மாதத்தின் கதையைச் சொல்லும் என்பதால் ஒரு வாரப் பட்டினியில் அதைக் குறைக்க முடியாது. பல சர்ஜன்கள் 8-க்குக் கீழே வந்தால்தான் தேதி தருவார்கள். உலோகம் வைத்த இடத்தில் கிருமி புகுந்தால் மீண்டும் திறந்து கழுவவேண்டி வரும். அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் இந்தக் கண்டிப்பு.

பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை, உதட்டுக்குள் அடக்கும் தூள் எதுவானாலும் குறைந்தது 4 வாரம் முன்பே விட்டுவிடவேண்டும். அதன்பின்னும் எலும்பு சேரும்வரை தொடக்கூடாது. ஸ்க்ரூ எலும்பைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பிறகு எலும்போடு எலும்பு வளர்ந்து ஒட்டவேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். நிகோடின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கி அந்த வளர்ச்சியைத் தடுக்கிறது. எலும்பு ஒட்டாவிட்டால் ஸ்க்ரூ தளரும். புகை இல்லாத புகையிலையால் பாதிப்பில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். அதிலும் அதே நிகோடின்தான்.

மாதவிடாய் நின்ற பெண்கள், வயதானவர்கள், ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் எலும்பு அடர்த்திக்கான டெக்சா ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். பொத்துப்போன எலும்பில் ஸ்க்ரூ பிடிக்காது. தேவையென்றால் முன்பே மருந்து தொடங்குவார்கள்.

சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, பித்தவெடிப்பில் சீழ், முதுகில் கட்டி எது இருந்தாலும் இப்போதே சரிசெய்யுங்கள். முதுகை விட்டு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கிருமி ரத்தத்தின் வழியாக ஸ்க்ரூவைத் தேடி வரும். ஆடும் பல்லை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். ரத்தசோகை இருந்தால் இரும்புச் சத்து ஏற வாரங்கள் ஆகும், அதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடவேண்டும்.

4. காப்பீட்டை எழுத்தில் உறுதிசெய்யுங்கள்

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போகவேண்டும். கார்டு இருந்தால் போதும் என்று நினைத்து நேராக அட்மிஷனுக்குப் போகாதீர்கள். நீங்கள் போகும் மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா, உங்களுக்குச் சொன்ன ஆபரேஷன் அதில் அடங்குமா, ஸ்க்ரூவின் விலையும் சேர்த்தா என்று மருத்துவமனையிலேயே உள்ள காப்பீட்டுத் திட்ட மேஜையில் கேளுங்கள். முன் அனுமதி வந்தபிறகே அட்மிஷன்.

தனியார் பாலிசி என்றால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாவது, டிஸ்க், முதுகெலும்புக் கோளாறுகளுக்குப் பல பாலிசிகளில் 2 ஆண்டுக் காத்திருப்புக் காலம் இருக்கும், அது முடியும் முன் செய்தால் பணம் கிடைக்காது. இரண்டாவது அறை வாடகை. 3 லட்சம் பாலிசியில் அறைக்கு 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய்தான் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் தங்கினால் கூடுதல் வாடகையோடு போகாது. டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் பாதியை வெட்டிவிடலாம். வரம்புக்குள் இருக்கும் அறையையே கேளுங்கள்.

ஸ்க்ரூ, ராடு, கேஜ் (டிஸ்க் எடுத்த இடத்தில் வைக்கும் சிறு கூடு) எந்த கம்பெனி, எத்தனை, விலை என்ன என்பதை எஸ்டிமேட்டில் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். காப்பீடு இருந்தாலும் கையில் கொஞ்சம் ரொக்கம் வேண்டும். கையுறை, டயபர், வாக்கர் போன்ற பலவற்றைக் காப்பீடு தராது.

5. வீட்டை மாற்றியமையுங்கள்

நோயாளி நன்றாக நடமாடும்போதே இதை முடியுங்கள். அவரையே நடக்கவைத்து, எங்கே கை தேடுகிறது, எங்கே குனிகிறார் என்று பார்த்தால்தான் எது எங்கே வேண்டும் என்பது தெரியும்.

பாயில் படுத்து எழ முடியாது. கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படியவேண்டும், முட்டி இடுப்புக்குக் கீழே சற்றே தாழ்ந்திருக்கவேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் அசையாத மரக்கட்டை வையுங்கள், செங்கல் நழுவும். மெத்தை உள்ளே அமுங்கக்கூடாது, ஆனால் வெறும் பலகையும் வேண்டாம்.

கீழே குந்தும் கழிப்பறையைக் குறைந்தது சில மாதம் மறந்துவிடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில், இருக்கும் கழிப்பறைக்கு மேலேயே வைக்கும் கமோட் நாற்காலி கிடைக்கும். வாங்கும்போது அதன் கால்களில் ரப்பர் புஷ் இருக்கிறதா என்று பாருங்கள், ஈரத் தரையில் அது இல்லாவிட்டால் வழுக்கும். எழும்போது பிடிக்கச் சுவரில் கைப்பிடி வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழக்கூடாது, அது ஆள் பாரத்துக்குச் செய்ததில்லை.

அடுக்களையில் தினமும் எடுக்கும் பாத்திரம், அரிசி, பருப்பு டப்பா எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு வரட்டும். குடம், 20 லிட்டர் தண்ணீர் கேன், சிலிண்டர் மூன்றுக்கும் வேறு ஆள் பொறுப்பு என்று இப்போதே பேசி முடியுங்கள். வீட்டின் வேலையெல்லாம் தன் தலையில் என்று பழகிய அம்மாக்கள், யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் குடத்தைத் தூக்கிவிடுவார்கள். வேலையை முன்பே பிரித்துக் கொடுத்தால்தான் அவர்கள் கை அடங்கும்.

கால் தட்டும் மிதியடி, தரையில் ஓடும் வயர், வாசற்படி ஓரத்துச் செருப்புக் குவியல் மூன்றையும் அகற்றுங்கள். இரவு விளக்கு ஒன்று பாத்ரூம் வழியில் எரியட்டும்.

6. எழும் முறையை ஆபரேஷனுக்கு முன்பே பழகுங்கள்

வலியில்லாத நேரத்தில் பழகினால்தான் வலிக்கும்போது உடம்பு தானாகச் செய்யும். மல்லாந்து படுத்து இரண்டு முட்டியையும் மடக்குங்கள். தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில், ஒரு மரக்கட்டை புரள்வதுபோல் திரும்பி ஒருக்களியுங்கள். தோள் முதலில், இடுப்பு பிறகு என்று போனால் முதுகு முறுக்கும், ஸ்க்ரூ போட்ட இடத்தில்தான் அந்த முறுக்கு விழும். இப்போது கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்குங்கள். இறங்கும்போதே கீழே இருக்கும் முழங்கையையும் மேலே இருக்கும் உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றித் தள்ளி எழுங்கள். உட்கார்ந்தவுடன் நிற்காதீர்கள், தலைசுற்றல் அடங்கட்டும். படுப்பதற்கு இதே வரிசை தலைகீழாக.

நம் வீடுகளில் உதவுகிறேன் என்று இரண்டு கையையும் பிடித்து முன்னால் இழுத்துத் தூக்குவார்கள். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி நிறுத்துங்கள். உதவுகிறவர் தோளுக்குப் பின்னால் ஒரு கையும் முட்டிக்கு அடியில் ஒரு கையும் கொடுத்தால் போதும்.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை முன்பே வாங்கிப் பழகுங்கள். ஊதக்கூடாது, உறிஞ்சவேண்டும். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். படுத்திருக்கும் நாட்களில் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டாமல் இது காக்கும். பாதத்தை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சி, காலில் ரத்தம் உறையும் ஆபத்தைக் குறைக்க. இடுப்பு பெல்ட்டை நீங்களாக வாங்கிவிடாதீர்கள். வேண்டுமா, எந்த வகை, என்ன அளவு என்று சர்ஜன் சொல்வார்.

7. ஆட்களை ஏற்பாடு செய்யுங்கள்

அட்டெண்டராக ஒருவரே எல்லா இரவும் இருந்தால் மூன்றாம் நாள் அவரும் படுத்துவிடுவார். இரண்டு பேர் மாறி மாறி இருக்கட்டும். பெண் நோயாளிக்குப் பெண் துணை கட்டாயம், பெட்பேன் வைக்கும்போது அதன் அருமை தெரியும்.

ரத்தம் தேவைப்படலாம் என்றால் ரத்த வங்கியில் எத்தனை யூனிட், எப்போது என்று கேளுங்கள். வாங்கிய ரத்தத்துக்குப் பதிலாக வங்கிக்குக் கொடுப்பவர் நோயாளியின் குரூப்பாகவே இருக்கவேண்டியதில்லை. 18 முதல் 65 வயது, 45 கிலோவுக்குக் குறையாத எடை, ஹீமோகுளோபின் 12.5 இருக்கவேண்டும். கடைசியாகக் கொடுத்து ஆணுக்கு 3 மாதமும் பெண்ணுக்கு 4 மாதமும் ஆகியிருக்கவேண்டும்.

8. முந்தின நாளும் அன்று காலையும்

முதுகில் முடியை வீட்டில் சவரம் செய்யாதீர்கள். பிளேடு போட்ட கண்ணுக்குத் தெரியாத கீறலில் கிருமி தங்கும். தேவையென்றால் மருத்துவமனையில் கிளிப்பரால் எடுப்பார்கள். க்ளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசல் கொடுத்தால் சொன்னபடி குளியுங்கள், அதன்மேல் எண்ணெய், பவுடர், விபூதி எதுவும் வேண்டாம்.

தாலி, மெட்டி, மூக்குத்தி, வளையல், மோதிரம் எல்லாம் கழற்றவேண்டும். மின்சாரக் கருவியால் ரத்தக்கசிவை நிறுத்தும்போது உலோகம் பட்ட தோல் சுடலாம். மணிக்கணக்கில் குப்புறப் படுக்கவைப்பதால் முகமும் விரலும் வீங்கும், மூக்குத்தி அழுத்தும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் மஞ்சள் கயிற்றை மட்டும் கட்டிக்கொள்ளலாமா என்று முந்தின நாளே நர்ஸிடம் கேட்டுவிடுங்கள். கெட்டிப்பட்ட மெட்டியும் பழைய மூக்குத்தியும் எளிதில் வராது, ஆசாரியிடம் போய் முன்பே எடுத்துவிடுங்கள். அரைஞாண் கயிறு சரியாக ஆபரேஷன் செய்யும் இடத்தில்தான் கிடக்கும். ஆண்கள் அதையும் அவிழ்க்கவேண்டும். மருதாணி, நகப்பாலிஷ் இருந்தால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியாகக் காட்டாமல் போகலாம்.

பட்டினி விஷயத்தில் காபிதான் பிரச்சினை. பால் கலந்த காபி, டீ, ஹார்லிக்ஸ் எல்லாம் உணவுக் கணக்கு, 6 மணி நேரம் முன்பே நிற்கவேண்டும். எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் 8 மணி நேரம். வெறும் தண்ணீர் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை உண்டு, ஆனால் உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரமே கணக்கு. "ஒரு வாய் காபி குடிச்சா என்ன ஆகிடப் போகுது" என்று பாசத்தில் கொடுத்துவிடுவார்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. யாராவது கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், நேரத்தை மாற்றிவைப்பார்கள்.

9. கண் விழித்தபின் எதைக் கண்டு பயப்படவேண்டாம்

முகம் வீங்கியிருக்கும், தொண்டை வலிக்கும், சிறுநீர்க் குழாயும் ரத்தம் வடியும் டிரெயினும் தொங்கும். இவை வழக்கமானவை. பெரும்பாலும் மறுநாளே நிற்கவைப்பார்கள். "இப்பதானே ஆபரேஷன், ஏன் எழுப்புறீங்க" என்று வீட்டார் தடுக்கக்கூடாது. சீக்கிரம் நடப்பதுதான் காலில் ரத்தக் கட்டையும் நெஞ்சுச் சளியையும் தடுக்கும்.

வலி மாத்திரையில் பல மலத்தை இறுக்கும், முக்கினால் முதுகில் உயிர் போகும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி வேண்டுமா என்று கேளுங்கள்.

10. பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள்

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பருப்பு வேண்டாம், முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், சீழ் பிடிக்கும் என்பார்கள். சீழ் வருவது கிருமியால். காயம் மூடவும் எலும்பு ஒட்டவும் புரதம் வேண்டும். அது பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் தயிரிலும்தான் இருக்கிறது. ரசம் சாதமும் பிரெட்டும் மட்டும் கொடுத்து வைத்தால் காயம் ஆறுவது தள்ளிப்போகும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள். பப்பாளி, கொய்யா, கீரை, நிறையத் தண்ணீர் மலச்சிக்கலுக்கு நல்லது.

காயத்தில் மஞ்சள், எண்ணெய், வேப்பிலை எதுவும் வைக்காதீர்கள். யார் சொன்னாலும் இடுப்பை நீவிவிடக் கூடாது. வந்தவர்கள் கட்டிலில் உட்காராமல் நாற்காலியில் உட்காரட்டும், சளி இருப்பவர்கள் போனில் விசாரிக்கட்டும்.

11. டிஸ்சார்ஜ் அன்று கையில் இருக்கவேண்டியவை

ஸ்க்ரூ பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரின் நகலும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்கும்போதும், இன்னொரு ஆபரேஷன் வந்தாலும் என்ன உலோகம் உள்ளே இருக்கிறது என்று கேட்பார்கள்.

ஆட்டோ வேண்டாம், குதிக்கும். காரில் முன் சீட்டைச் சாய்த்து, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பவேண்டும். சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டால் வழுக்கித் திரும்புவது எளிது, வண்டி கிளம்பும் முன் அதை உருவிவிடுங்கள். கோவை, வேலூர், சென்னை என்று தொலைவில் போய்ச் செய்துகொண்டவர்கள் மணிக்கொரு தரம் நிறுத்தி நாலடி நடக்கவேண்டும்.

கிளம்பும் முன் நர்ஸிடம் நான்கு தேதிகளை எழுதி வாங்குங்கள்: தையல் எப்போது பிரிப்பது (பொதுவாக 10 முதல் 14 நாளில்), எப்போது குளிப்பது, எப்போது மீண்டும் வருவது, நிறுத்திய ரத்த மருந்தை எப்போது தொடங்குவது. குனிவது, தூக்குவது, முறுக்குவது மூன்றுக்கும் எத்தனை வாரம் தடை என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். பேரக்குழந்தையைத் தூக்குவதும் அதில் அடங்கும்.

அந்தத் தாளின் கீழே, இரவிலும் எடுக்கும் போன் எண் ஒன்று இருக்கட்டும். காய்ச்சல், காயத்தில் நீரோ சீழோ கசிவது, உட்கார்ந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலைவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, புதிதாகக் கால் பலம் குறைவது, சிறுநீர் போகாமல் நிற்பது எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் அந்த எண்ணுக்குப் பேசுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.